சேர்ஜரியிலிருந்து வந்த ஆய்வுக் கடிதம்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு குடும்ப வைத்தியரின் பதில்கள்

ஜி.பி. சேர்ஜரிகள், அதாவது பிரித்தானியாவின் குடும்ப வைத்திய நிலையங்கள், மருத்துவ ஆய்வுகளில் சேர்வது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் வடமேற்கு லண்டனில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். எங்கள் சேர்ஜரியும் ஆய்வுகளில் பங்கெடுக்கிறது. எனவே எந்தப் பக்கம் நின்று பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் சனம் இந்த ஆய்வுகளில் சேரவேண்டும் என்பதே என் விருப்பம்.

அம்மாவுக்கு 72 வயது. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறா. போன கிழமை எங்கள் சேர்ஜரியின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவின் வருத்தம் பல்கலைக்கழகத்துக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் விவரத்தை டொக்டர் கொடுத்துவிட்டாரா?
— ஹரோவிலிருந்து ஒரு வாசகி

இல்லைத் தங்கச்சி. உங்கள் அம்மா யாரென்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் தெரியாது.

நடப்பது இதுதான். ஆய்வுக் குழு சேர்ஜரிக்கு ஒரு வரையறையை அனுப்பும்: இத்தனை வயதுக்கு மேல், இன்ன குளிசை எடுப்பவர், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் என்று. சேர்ஜரியில் வேலை செய்பவரே எங்கள் கணினியில் தேடிப் பட்டியல் எடுப்பார். அந்தப் பட்டியலை வைத்தியர் ஒருவர் பெயர் பெயராக வாசிக்கவேண்டும். எங்களிடத்தில் அதை நான் பின்னேரங்களில் இருந்து செய்வேன். போன மாதம்தான் கணவரை இழந்த பெண், புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவில் இருப்பவர், கடிதத்தைக் கண்டால் பயந்துபோகக்கூடியவர் எல்லோருடைய பெயரையும் எடுத்துவிடுவேன். கணினிக்கு இது தெரியாது, குடும்ப வைத்தியருக்குத் தெரியும். மிஞ்சியவர்களுக்கு சேர்ஜரியின் பெயரில் கடிதம் போகும். அம்மா விரும்பிப் பதில் போட்டால்தான் அவவின் பெயர் ஆய்வுக் குழுவின் கைக்குப் போகும். கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டால் ஒன்றும் நடக்காது. அவவுக்குக் கிடைக்கும் வைத்தியத்திலும் ஒரு குறையும் வராது.

கடிதத்தோடு வரும் விளக்கத்தாளை அம்மாவோடு இருந்து வாசியுங்கள். எந்த ஆராய்ச்சி நெறிமுறைக் குழு அனுமதித்தது, ஆய்வுக்கு யார் பொறுப்பு, சேர்ந்தால் எத்தனை முறை இரத்தம் எடுப்பார்கள், இடையில் விலகலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். இடையில் விலகுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள்: இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா தானாகவே பிரஷர் குளிசையை நிறுத்திவிடக் கூடாது.

ஆராய்ச்சி என்பது பல்கலைக்கழகத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் உரிய வேலை. ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் ஜி.பி. எதைக் கண்டுபிடிக்க முடியும்?
— ஈஸ்ட் ஹாமிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

மாஸ்டர், இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியின் வாசலுக்கு வருபவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 1961இல் கெர் வைட் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்க, பிரித்தானியத் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். 1,000 வளர்ந்தவர்களை எடுத்தால், ஒரு மாதத்தில் சுமார் 750 பேருக்கு ஏதோ ஒரு சுகவீனம் வருகிறது. 250 பேர் வைத்தியரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுகிறார்கள். பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வரைக்கும் அனுப்பப்படுபவர் ஒரேயொருவர். அந்த ஒருவரைப் பார்த்து எழுதிய பாடத்தை வைத்துக்கொண்டு மற்ற 249 பேருக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது?

இந்தக் கேள்வியை நன்றாக உணர்ந்த ஒருவர் ஜேம்ஸ் மெக்கென்சி. ஸ்கொட்லாந்தில் பிறந்து, 1879இல் இங்கிலாந்தின் பருத்தி ஆலை நகரமான பேர்ன்லியில் பொது வைத்தியராகச் சேர்ந்தார். இதய நோயிருந்த ஒரு கர்ப்பிணி பிரசவத்தின்போது அவர் கண்முன்னே இறந்துபோனாள். யாருடைய இதயத்துடிப்புப் பிசகு ஆபத்தானது, யாருடையது ஒன்றும் செய்யாது என்று சொல்ல அன்றைய புத்தகங்களால் முடியவில்லை. புத்தகம் எழுதியவர்கள் நோயாளியை ஆஸ்பத்திரியில் சில கிழமைகள் பார்த்தவர்கள். வீட்டுக்குப் போன பிறகு அந்த ஆள் முப்பது வருடம் வாழ்ந்தாரா, மூன்று மாதத்தில் இறந்தாரா என்பது அவர்களுக்குத் தெரியாது. மெக்கென்சிக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அதே தெருக்களில்தான் இருந்தார். நாடியைப் பதிவுசெய்ய ஒரு கருவியை உருவாக்கி, அதே ஆட்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார். இடையிடையே தப்பும் துடிப்புகளில் பல பாதிப்பில்லாதவை என்று அவரால் சொல்ல முடிந்தது. தேவையில்லாமல் கட்டிலில் கிடத்தப்பட்ட எத்தனையோ பேர் அதனால் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

இன்னொருவர் வில்லியம் பிக்கிள்ஸ். யோர்க்‌ஷயரில் எய்ஸ்கார்த் என்ற கிராமத்து வைத்தியர். 1929இல் அவருடைய பள்ளத்தாக்கில் செங்கமாரி (மஞ்சள் காமாலை) பரவியது. யாருக்கு எந்தத் திகதியில் கண்டது, அதற்கு முன் அவர் யாரோடு பழகினார் என்று வீடு வீடாகக் குறித்துவைத்தார். காலையில் செங்கமாரியோடு படுக்கையில் பார்த்த ஒரு பெண் அன்று பின்னேரமே ஊர் விழாவுக்குப் போயிருந்தாள். அவளோடு பழகியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பிறகு நோய் வந்தது. இந்த நோயின் அரும்பு காலம் (தொற்றியதிலிருந்து நோய் வெளிப்படும் வரையான காலம்) இவ்வளவு நீளமானது என்று ஒரு கிராமத்து வைத்தியர் தன் குறிப்பேட்டிலிருந்து எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் பொது வைத்தியர்களின் கல்லூரி உருவானபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். கொவிட் காலத்தை எடுங்கள். 2020 யூனில் டெக்ஸாமெதசோன் என்ற மருந்து உயிர் காக்கிறது என்று ஆஸ்பத்திரி ஆய்வு காட்டியது. ஆனால் அதே ஆய்வில், ஒக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்பதும் தெரிந்தது. அப்படியானால் வீட்டில் காய்ச்சலோடு கிடந்தவருக்கு என்ன கொடுப்பது? உலகமெங்கும் அசித்ரோமைசின், டொக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒக்ஸ்போர்டிலிருந்து நடத்தப்பட்ட ‘பிரின்சிப்பிள்’ ஆய்வு ஜி.பி. சேர்ஜரிகள் வழியாக 50 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்தது. 2021 சனவரியில், அந்த இரண்டு மருந்துகளாலும் குணமாவது விரைவுபடவில்லை என்று அறிவித்தது. ஆஸ்துமாக்காரர் இழுக்கும் பியூடெசோனைட் இன்ஹேலரைப் பாவித்தவர்கள் சுமார் மூன்று நாள் முன்னதாகச் சுகமானார்கள் என்றும் காட்டியது. வீட்டில் கிடந்தவர்களைக் கேட்காமல் இந்தப் பதில் எந்த ஆய்வுகூடத்திலும் கிடைத்திருக்காது.

எங்கள் பதிவுகள் எங்களைக் கேட்காமலே ஆய்வுக்குப் போகின்றன என்று ஒரு உறவினர் சொல்கிறார். உண்மையா?
— லெஸ்டரிலிருந்து ஓர் இளம் தாய்

பெயர் நீக்கிய பதிவுகள் போகின்றன, உண்மைதான். எல்லா சேர்ஜரியும் கொடுப்பதில்லை. சேர்ந்த சேர்ஜரிகள் கொடுக்கின்றன. அவற்றைத் திரட்டிவைக்கும், சி.பி.ஆர்.டி. என்று சொல்லப்படும் தரவுத்தொகுப்பின் வேர் 1987 வரை போகிறது. உங்கள் பெயர், விலாசம், என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) இலக்கம் எதுவும் ஆய்வாளரின் கைக்குப் போவதில்லை. இதுவும் வேண்டாம் என்றால், உங்கள் பதிவு ஆய்வு போன்ற தேவைகளுக்காக சேர்ஜரியை விட்டு வெளியே போகாதபடி ‘டைப் 1’ மறுப்புப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்கலாம். அது உங்கள் உரிமை. கொடுத்தால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

ஆனால் தாயாக இருக்கும் உங்களுக்கு ஒரு விடயம் சொல்லவேண்டும். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற பயம் இந்த நாட்டை ஆட்டிவைத்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, இதே ஜி.பி. பதிவுகளிலிருந்து, ஓட்டிசமும் அதையொத்த வளர்ச்சிக் குறைபாடுகளும் உள்ள 1,294 பேரையும் அப்படி இல்லாத 4,469 பேரையும் ஒப்பிட்டது. தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு காணவில்லை. உங்கள் பிள்ளைக்கு ஊசி போடும்போது நாங்கள் தைரியமாகப் பேசுவதற்கு, முகம் தெரியாத அத்தனை குடும்பங்களின் பதிவுகளும் ஒரு காரணம்.

நான் இரண்டு வைத்தியர்கள் மட்டுமே உள்ள சிறிய சேர்ஜரியின் மனேஜர். எங்களால் ஆய்வில் சேர முடியுமா? செலவு யார் கொடுப்பார்கள்?
— நியூ மோல்டனிலிருந்து

முடியும். வேல்ஸில் கிளின்கொரூக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் வைத்தியம் பார்த்தபோது அவருடைய சேர்ஜரியில் பதிந்திருந்தவர்கள் சுமார் 2,000 பேர்தான். சுகமாக இருக்கிறேன் என்று சொன்னவர்களையும் விடாமல், தன்னிடம் பதிந்திருந்த வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தவர் அவர். அறிகுறி இல்லாத மிதமான பிரஷருக்கு மருந்து கொடுப்பதால் பயன் உண்டா என்று பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை தேடியபோது, பெரும்பாலும் இப்படியான சாதாரண சேர்ஜரிகளில்தான் 17,354 பேரைச் சேர்த்தார்கள். 1985இல் முடிவு வந்தது: பாரிசவாதம் (பக்கவாதம்) குறைகிறது, ஆனால் ஒரு பாரிசவாதத்தைத் தடுக்க ஏறக்குறைய 850 பேர் ஒரு வருடம் மருந்து எடுக்கவேண்டும். மருந்தின் பயனையும் அதன் அளவையும் சேர்த்து நேர்மையாகச் சொன்ன முடிவு அது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் என்.ஐ.எச்.ஆர். என்ற தேசிய சுகாதார ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வு வலையமைப்பு 12 பிராந்தியங்களாக வேலை செய்கிறது. உங்கள் பிராந்தியத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முதலில் கடிதம் அனுப்பும் வேலையை மட்டும் எடுங்கள்: பட்டியல் தேடுவது, வைத்தியர் சரிபார்ப்பது, அனுப்புவது. அதற்கு அப்பால் எல்லாம் ஆய்வுக் குழுவின் பொறுப்பு. அது பழகிய பிறகு சேர்ஜரியிலேயே ஆட்களைச் சேர்க்கும் ஆய்வை எடுக்கலாம். அப்போது ‘நல்ல மருத்துவ நடைமுறை’ என்ற, ஆய்வை நெறியோடு நடத்துவது பற்றிய பயிற்சி வேண்டும். என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு இணையத்திலேயே கட்டணமின்றிக் கிடைக்கிறது. உங்களிடம் பயிற்சியிலிருக்கும் இளம் வைத்தியரோ ஆர்வமுள்ள தாதியோ மருந்தாளரோ இருந்தால், ஆறு மாத இணை முதன்மை ஆய்வாளர் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வேலையைச் செய்துகொண்டே கற்கலாம், சான்றிதழும் உண்டு.

உங்கள் ஆட்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் வரும். மருந்துக் கம்பனிகளின் ஆய்வென்றால் கூடுதலாக வரும். ஆனால் பணத்தைப் பார்த்து ஆய்வைத் தெரிவுசெய்யாதீர்கள். உங்கள் காத்திருப்பு அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே நீரிழிவுக்காரர் நிறைந்திருக்க, அரிதான தோல் நோய் ஆய்வொன்றை எடுத்தால் ஒருவரும் சேரமாட்டார்கள், எல்லோருக்கும் அலுத்துப்போகும். எடுத்த இரத்தத்தைக் குறித்த நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்கவேண்டும் என்று சில ஆய்வுகள் கேட்கும். அந்த இயந்திரமும் குளிர்பெட்டியும் வைக்க இடம் உண்டா என்று ஒப்புக்கொள்ள முன்னமே பாருங்கள். இது இன்னாருடைய வேலை என்று ஒருவரை நியமியுங்கள்.

முக்கியமாக, வரவேற்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவையுங்கள். கடிதம் கிடைத்தவர் முதலில் தொலைபேசியில் கேட்பது அவர்களிடம்தான். “எனக்கு அதைப் பற்றித் தெரியாது” என்று ஒரு பதில் வந்தால், கடிதம் மோசடி என்று அந்தத் தெரு முழுக்கக் கதை பரவிவிடும்.

ஆய்வில் சேர்ந்தால் காசு தருவார்களா?
— ஹன்ஸ்லோ

போக்குவரத்துச் செலவு பெரும்பாலும் கிடைக்கும். சிலவற்றில் சிறிய பரிசுச் சீட்டு தருவார்கள். விளக்கத்தாளில் எழுதியிருக்கும்.

வெள்ளைக்காரரின் மருந்துக்கு நாங்கள் ஏன் பரிசோதனை எலிகளாக வேண்டும்?
— குரொய்டனிலிருந்து ஒரு வாசகர்

உங்கள் கோபத்தை நான் தள்ளிவைக்கமாட்டேன். 1969இல் கொவென்ட்ரியில் சுமார் 21 தெற்காசியப் பெண்களுக்குக் கதிரியக்க இரும்பு கலந்த மாவில் செய்த சப்பாத்தி கொடுத்து, இரும்புச்சத்து உடலில் எப்படிச் சேருகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு ஜி.பி. மூலமாகத்தான் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பலருக்கு ஆங்கிலம் போதாது. எதற்குச் சம்மதித்தோம் என்றே புரியவில்லை என்று பின்னர் சொன்னார்கள். 1995இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் இதை வெளியே கொண்டுவந்தது. 2023இலும் விசாரணை வேண்டும் என்று குரல் எழுந்தது. ஒரு ஜி.பி.யாக இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. வைத்தியர் சொன்னால் நம்பிவிடும் எங்கள் அம்மாமாரின் நம்பிக்கையை அப்படிப் பாவித்திருக்கக் கூடாது.

அதே நேரத்தில், விலகி நின்றால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பை நாங்கள் ஒரு கணிப்பானில் போட்டுப் பார்த்துத்தான் கொழுப்புக் குளிசை தேவையா என்று முடிவுசெய்கிறோம். அது ஜி.பி. பதிவுகளிலிருந்து உருவானது. 2008இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பான ‘கியூரிஸ்க் 2’ முதல்முறையாக இனப்பிரிவையும் சேர்த்துக் கணித்தது. அதில் இந்தியருக்கு ஒரு கட்டம், பாகிஸ்தானியருக்கு ஒரு கட்டம், வங்காளதேசத்தவருக்கு ஒரு கட்டம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த உங்களுக்கும் எனக்கும் தனிக் கட்டம் இல்லை. ‘மற்ற ஆசியர்’ என்ற கட்டத்தில், வேறு பல நாட்டவரோடு சேர்ந்து நிற்கிறோம். நாற்பது வயதில் மாரடைப்பு வந்த ஒருவரையாவது தெரியாத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் குறைவு. அப்படியிருந்தும் எங்கள் ஆபத்தை மற்றவர்களோடு கலந்த ஒரு சராசரியை வைத்துக் கணிக்கவேண்டியிருக்கிறது. சேர்ஜரிப் படிவத்தில் இனப்பிரிவை வெறுமையாக விட்டால், கணிப்பான் உங்களை வெள்ளையர் கட்டத்தில் போட்டுவிடும். ஆய்வில் சேராவிட்டாலும் அதையாவது நிரப்புங்கள்.

மாற்றமும் நடக்கிறது. மேலே சொன்ன பிரின்சிப்பிள் ஆய்வில் தெற்காசியர்கள் சேர்வது குறைவு என்று கண்டதும், மருந்தாளரான பேராசிரியர் மகேந்திர பட்டேல் கோயில்கள், பள்ளிவாசல்கள், சமூக வானொலிகள் வழியாக நேரே எங்கள் சமூகங்களிடம் வந்து பேசினார். நாங்கள் கேட்டதால் எங்களைத் தேடி வந்த ஆய்வுக் குழுக்களும் உண்டு என்று அடுத்த தலைமுறை சொல்லவேண்டும். உங்கள் தமிழ்ப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ ஓர் ஆய்வுக் குழுவை அழைத்து, இந்தக் கேள்வியை அவர்களிடமே நேருக்கு நேர் கேளுங்கள்.

திருச்சியில் சிறிய கிளினிக் நடத்துகிறேன். இதெல்லாம் உங்கள் நாட்டுக்குச் சரி. இங்கே எப்படி?
— ஒரு வைத்தியர்

டொக்டர், பெரிய வேறுபாடு ஒன்றுதான். இங்கே ஏறக்குறைய எல்லோரும் ஒரு சேர்ஜரியில் பதிந்திருப்பதால், ‘எத்தனை பேரில் இத்தனை பேர்’ என்று எங்களால் சொல்ல முடிகிறது. உங்களிடம் இன்று வந்தவர் நாளை வேறு கிளினிக்குக்குப் போவார். ஆனால் கிராம சுகாதார செவிலியரிடம் வீடு வீடாக எழுதிய பதிவேடு இருக்கிறது. அவரோடும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையோடும் சேர்ந்தால் பிக்கிள்ஸ் செய்ததை நீங்களும் செய்யலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். மருந்துச் சோதனை என்றால், 2009 யூன் 15 முதல் இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவது கட்டாயம். கம்பனிப் பிரதிநிதி கொண்டுவரும் படிவத்தில் கையெழுத்துப் போட முன் அந்தப் பதிவெண்ணைக் கேளுங்கள்.

அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நீரிழிவு ஆய்வு ஒன்றில் சேர ஆசைப்படுகிறா. நானே மொழிபெயர்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாமா?
— வெம்பிளியிலிருந்து ஒரு மாணவி

பிள்ளை, அம்மம்மாவுக்கு இந்த வயதில் இப்படி ஓர் ஆசை இருப்பது எனக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் சம்மதம் கேட்கும் நேரத்தில் நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். உங்களுக்கு முன்னால் அவ ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்கலாம், உங்களுக்கும் சில மருத்துவச் சொற்கள் புரியாமல் போகலாம். ஆய்வுத் தாதியிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். தொலைபேசி வழியாகவும் ஒழுங்குசெய்யலாம். விளக்கத்தாள் தமிழில் உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று மரியாதையாகக் கேளுங்கள். இப்படிக் கேட்பவர்கள் கூடினால்தான் அடுத்த ஆய்வின் செலவுக் கணக்கில் மொழிபெயர்ப்புக்கும் பணம் ஒதுக்குவார்கள்.

கூடவே, அம்மம்மாவின் பதிவில் அவ பேசும் மொழி தமிழ் என்றும் மொழிபெயர்ப்பாளர் தேவை என்றும் குறித்திருக்கிறதா என்று வரவேற்பில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே பதியச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.